சொன்னா கேக்கல, நிறுத்தச் சொன்னா அழுறான், லைன்ல நிக்கல: ஆட்டிசம், ஐ.டி. இருக்கிற சின்னப் பசங்களோட எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னை தண்டையார்பேட்டை. என் பையனுக்கு இப்ப ஒம்பது வயசு. மூணே கால் வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க, அஞ்சு வயசுல கூடவே லேசா ஐ.டி., அதாவது அறிவுசார் குறைபாடும் இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. அன்னிலேர்ந்து தெரபி ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்த நேரத்துக்குக் கணக்கே இல்ல. அதே பெஞ்சுக்கு ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் அம்மாங்க, பாட்டிங்க வருவாங்க, கேக்குற கேள்வி மட்டும் சுத்திச் சுத்தி அதேதான். அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். நான் டாக்டர் கெடையாது. இத்தன வருஷமா படிச்சது, தெரபிஸ்ட்ங்கள விடாம கேட்டது, வீட்ல செஞ்சு பாத்தது, இதான் இதுல இருக்கு. ரெண்டுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் இருக்கிற பசங்கள மனசுல வெச்சு எழுதினது.

1. ரிப்போர்ட்ல "எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷனிங் வீக்"னு போட்டிருக்காங்க, அப்டின்னா இன்னாக்கா?

வீடு கட்ற எடத்துல மேஸ்திரி நிப்பாரு பாருங்க, அவர நெனச்சுக்கோங்க. கொத்தனாருக்கு செங்கல் அடுக்கத் தெரியும், சித்தாளுக்கு கலவை தூக்கத் தெரியும், ஆனா மொதல்ல எது அப்புறம் எது, நீ கொஞ்சம் நில்லு, மணல் லாரி வரல அதனால இன்னிக்கு உள்பூச்ச பாருன்னு சொல்றது மேஸ்திரிதான். மூளைல அந்த மேஸ்திரி வேலைக்குப் பேருதான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன். நெத்திக்குப் பின்னாடி இருக்கிற முன்மூளைப் பகுதிக்கு இதுல பெரிய பங்கு இருக்கு, மூளைலயே கடைசியா முத்துற பகுதிகள்ல அதுவும் ஒண்ணு, இருபது வயசு தாண்டியும் வளர்ந்துட்டே இருக்கும்.

மூணு அடிப்படை வேலைன்னு சொல்வாங்க. வொர்க்கிங் மெமரி, சொன்னத செஞ்சு முடிக்கிற வரைக்கும் மண்டைல புடிச்சு வெச்சிக்கறது. இன்ஹிபிஷன், நீட்டுற கைய, ஓடுற கால நிறுத்துற பிரேக்கு. ஃப்ளெக்ஸிபிலிட்டி, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறிக்கறது. திட்டம் போடறது, ஒரு வேலைய தானா ஆரம்பிக்கறது, அழுகைய அடக்கிக்கறது எல்லாம் இந்த மூணு மேலதான் ஏறி நிக்குது.

ரிப்போர்ட்ல வீக்னு போட்டிருந்தா உங்க வீட்டு மேஸ்திரி லேட்டா வர்றாருன்னு எடுத்துக்கோங்க. அவர் வர்ற வரைக்கும் அந்த வேலைய மண்டைக்கு வெளிய, செவுத்துல, கைல, கண்ணுல படற பொருள்ல எடுத்து வெச்சுக் குடுக்கணும். கீழ எழுதியிருக்கிற எல்லா பதிலும் கடைசில இங்கதான் வந்து நிக்கும்.

2. நாலு வயசுப் புள்ள எல்லாமே இப்டித்தானே இருக்கும்? நாமதான் ரொம்ப பயந்துக்கறமோ?

பாதி உண்மை. மூணுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ளதான் இந்தத் திறமை எல்லா புள்ளைங்களுக்கும் ஒரு பெரிய தாவல் தாவுது. அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, சீட்டு பிரிக்கிற டெஸ்ட். மொதல்ல கலர் பாத்துப் பிரின்னு சொல்வாங்க, மூணு வயசுப் புள்ள அழகா பிரிக்கும். அப்புறம் இப்ப கலர் வேணாம், உருவம் பாத்துப் பிரின்னு சொன்னா எந்தக் குறையும் இல்லாத மூணு வயசுப் புள்ளையே திரும்ப கலரத்தான் பாக்கும். இதுல என்ன ஆச்சரியம்னா, "இப்ப ரூல் என்ன?"ன்னு கேட்டா சரியா சொல்லும், கை மட்டும் பழைய ரூல்ல போவும். நாலு அஞ்சு வயசுல அது மாறிடும்.

எனக்கு இது புரிஞ்ச அன்னிக்குதான் என் பையன் மேல இருந்த பாதிக் கோவம் போச்சு. தெரியறது வேற, தெரிஞ்சத அந்த நேரத்துல செய்ய முடியறது வேற. நம்ம பசங்களுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம் ரொம்ப வருஷம் இருக்கும். அதனால பக்கத்து வீட்டு நாலு வயசுப் பையனோட ஒப்பிடாதீங்க. வளர்ச்சி எந்த வயசுல இருக்குன்னு டாக்டர் சொல்லியிருப்பாங்க, அந்த வயசுப் புள்ள எவ்ளோ நேரம் நிக்கும், எத்தன வார்த்த புடிக்கும்னு பாருங்க. வயசு அஞ்சு, வளர்ச்சி ரெண்டரைன்னா ரெண்டரை வயசுப் புள்ளகிட்ட எதிர்பாக்கறத எதிர்பாருங்க.

3. என் பொண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம், அவங்க பையனுக்கு ஆட்டிசம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொல்லித் தர்றது சரியா?

அடிப்படை ஒண்ணு, இடறுற எடம் வேற. ஆட்டிசத்துல பெரும்பாலும் மாறறதுலயும் திட்டம் போடறதுலயும் சிக்கும். 1943ல லியோ கேனர் ஆட்டிசம் பத்தி எழுதின மொத கட்டுரையிலயே, எல்லாம் மாறாம அப்டியே இருக்கணும்னு இந்தப் பசங்க புடிக்கிற பிடிவாதத்த எழுதியிருக்காரு. அறிவுசார் குறைபாட்டுல மூணுமே மெதுவா வளரும், அதுலயும் வொர்க்கிங் மெமரி நல்லா அடி வாங்கும், ஒரு நேரத்துல மண்டைல நிக்கற விஷயம் கம்மி.

டவுன் சிண்ட்ரோம்ல காதுல கேட்டத மனசுல நிறுத்தறது கஷ்டம், கண்ணால பாத்தது அத விட நல்லா நிக்கும், அதனால உங்க பொண்ணுகிட்ட பேச்ச கொறச்சு காட்டறத ஏத்துங்க. ஃப்ரேஜைல் எக்ஸ்னு மரபணுவுல ஒண்ணு இருக்கு, அதுல பிரேக்கும் கவனமும்தான் பெரிய பிரச்சனை. இதெல்லாம் பொதுவா சொல்றது, உங்க புள்ள எங்க இடறுதுன்னு ஒரு வாரம் நோட்ல எழுதிப் பாத்தாலே உங்களுக்கே தெரிஞ்சிடும். எழுதுங்க, தெரபிஸ்ட்டுக்கும் அது ரொம்ப உதவும்.

4. ஏம்மா, பத்து தடவ சொல்றேன், காதுலயே போட்டுக்க மாட்றான். இது கொழுப்புதானே? எங்க காலத்துல ஒரு அடி போட்டா சரியாப்பூடும்.

இது ஒரு பாட்டி கேட்டாங்க, அவங்க மேல எனக்குக் கோவமே வரல, நானே அப்டி நெனச்ச ஆளுதான்.

மொதல்ல காது டெஸ்ட் எடுத்துட்டீங்களா பாருங்க. எடுக்கலன்னா மத்ததெல்லாம் அப்புறம். காது சரியா இருக்குன்னா, நாம சொல்ற சொல்ல ஒரு தடவ நாமளே கேட்டுப் பாக்கணும். "கண்ணா செருப்ப கழட்டி வெச்சிட்டு கைகால் கழுவிட்டு வந்து உக்காரு, சாப்பாடு போடறேன், தம்பிய எழுப்பாத" - இதுல அஞ்சு வேலை இருக்கு. அவனுக்குப் புடிக்கிறது ஒண்ணுதான், பல நேரம் கடைசி வார்த்த மட்டும், அதனால நேரா தம்பிகிட்ட போவான். நாம எழுப்பாதன்னு சொன்னோம், அவனுக்கு எழுப்புன்னு விழுந்துச்சு.

கிட்ட போங்க, அவன் உயரத்துக்குக் குனியுங்க, "செருப்பு கழட்டு", ரெண்டே வார்த்த. அப்புறம் வாய மூடிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. இந்தப் பத்துதான் ரொம்ப கஷ்டம், அவன் மேஸ்திரி சேதிய வாங்கி கைக்கு சொல்றதுக்குள்ள நாம ரெண்டாவது தடவ கத்திடுவோம், கத்தினா அவன் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். செய்யலன்னா திரும்ப சொல்லாம கையப் புடிச்சு செய்ய வைங்க. "பண்ணாத"ன்னு சொல்றதுக்குப் பதிலா என்ன பண்ணணுமோ அத சொல்லுங்க, "ஓடாத" வேணாம், "என் கைய புடி" போதும். அடிச்சா அந்த நிமிஷம் நிப்பான், பயத்துல. ஆனா அடி வாங்கின புள்ளைக்கு அடுத்து என்ன செய்யணும்னு எங்கேர்ந்து தெரியும்?

5. விளையாட்ட நிறுத்தி குளிக்கக் கூப்புட்டா தலைய செவுத்துல முட்டிக்கிறான்கா, எனக்கு கையே நடுங்குது.

மொதல்ல பாதுகாப்பு. தலைக்கும் செவுத்துக்கும் நடுவுல தலகாணியோ உங்க கையோ வைங்க, பேசாதீங்க, கூட்டத்த வெளிய அனுப்புங்க. இது புதுசா ஆரம்பிச்சதுன்னா காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க, சொல்லத் தெரியாத புள்ள வலிய இப்டியும் காட்டும். அடிக்கடி நடந்தா வீட்டு வைத்தியம் பாத்துட்டு இருக்காதீங்க.

வலி எதுவும் இல்ல, மாறச் சொல்றப்ப மட்டும்தான் வருதுன்னா, அவனுக்கு அது திடீர்னு தரைய இழுத்த மாதிரி இருக்கு. இப்ப செய்யறது எப்ப முடியும், அடுத்து என்ன, இது ரெண்டுமே அவன் கண்ணுக்குத் தெரியல. தெரிய வைங்க. கைல ரெண்டு படம், இடது பக்கம் குளியல், வலது பக்கம் அவனுக்குப் புடிச்சது, "மொதல்ல குளியல், அப்புறம் கார்". சொன்னா சொன்னபடி குளிச்ச உடனே கார் கைல இருக்கணும், ஒரு தடவ ஏமாத்தினா அந்த அட்டைக்கு மதிப்பே போயிடும். அஞ்சு நிமிஷம்னு வாயில சொன்னா அவனுக்கு ஒண்ணும் புரியாது. மணல் எறங்கற டைமர் இருந்தா வைங்க, இல்லன்னா விரல மடக்குங்க, அஞ்சு, நாலு, மூணுன்னு ஒரே ராகத்துல. எங்க வீட்ல தெனமும் ஒரே தாளத்துல பக்கெட்ட தட்டுவேன். இப்பவும் அந்த சத்தம் கேட்டா எழுந்துடுவான்.

6. செவுத்துல படம் ஒட்டுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எங்களுது ஒரே ரூமு, வாடகை வீடு, ஆணி அடிச்சாலே ஹவுஸ் ஓனர் கத்துவாரு. எங்க ஒட்டறது, எப்டி ஒட்டறது?

இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்றேன், எனக்கு எல்லாத்த விட கை குடுத்தது இதான்.

அமெரிக்கால நார்த் கரோலினாவுல எரிக் ஷாப்ளர்னு ஒருத்தர் ஆட்டிசம் பசங்களுக்காக 1970கள்ல டீச் (TEACCH)னு ஒரு முறைய கொண்டு வந்தாரு, இன்னிக்கு தெரபி ரூம்ல பாக்கற பட அட்டவணை பெரும்பாலும் அந்த வழில வந்ததுதான். வார்த்த காத்துல போயிடும், படம் அங்கயே நிக்கும், புள்ள மறந்தாலும் திரும்பிப் பாத்துக்கலாம், அவ்ளோதான் விஷயம். மேஸ்திரி மனசுல வெச்சிருக்க வேண்டிய லிஸ்ட்ட செவுரு வெச்சிக்குது.

ஆணி வேணாம். காலண்டர் அட்ட ஒண்ணு எடுத்து அதுல படத்த ஒட்டி கயித்துல கட்டுங்க, சாப்புடறப்ப கேஸ் அடுப்புப் பக்கம், குளிக்கறப்ப பக்கெட் பக்கம்னு எங்க வேலையோ அங்க மாட்டிக்கலாம். பீரோ கதவு இருந்தா அதுல காந்தம் போதும். படத்துக்கு கார்ட்டூன் தேடாதீங்க, உங்க வீட்டு பக்கெட்டு, உங்க வீட்டுத் தட்டு, உங்க வீட்டு ஷேர் ஆட்டோ, இதையே போன்ல எடுத்து ஜெராக்ஸ் கடைல கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணிடுங்க, பத்து படத்துக்கு மேல மொதல்ல வேணவே வேணாம். ஒரு வேலை முடிஞ்சா அந்தப் படத்த அவன் கையாலயே எடுத்து ஒரு பழைய டப்பால போடணும். அந்த டப்பா ரொம்ப முக்கியம், முடிஞ்சதுங்கறது அவன் கைக்குப் புரியும்.

படமே புரியாத புள்ளைங்க உண்டு, ரெண்டு வயசு வளர்ச்சிக்குக் கீழ இருந்தா பெரும்பாலும் புரியாது. அவங்களுக்குப் பொருளே படம். டவல கைல குடுத்தா குளியல், ஸ்பூன் குடுத்தா சாப்பாடு, செருப்பு குடுத்தா வெளிய போறோம். மூணு மாசம் தெனமும் அதே பொருள். அப்புறம் பொருளோட சேத்து படம், அப்புறம் படம் மட்டும்.

ஒரு நாள் முழுக்க அட்டவண போட்டு மொத வாரமே அலுத்துப்போய் கிழிச்சுப் போட்டவங்கள நெறைய பாத்திருக்கேன். ஒரே ஒரு வேலைய எடுங்க. நான் கை கழுவறத எடுத்தேன், குழாய திற, கைய நனை, சோப்பு, தேய், அலசு, குழாய மூடு, டவல், ஏழு படம். கடைசிப் படத்துலேர்ந்து சொல்லிக் குடுத்தேன், அதாவது ஆறையும் நான் கைபுடிச்சு செய்ய வெச்சு டவல்ல தொடைக்கறத மட்டும் அவனே, அது வந்தப்புறம் குழாய மூடறது, இப்டி பின்னாடிலேர்ந்து முன்னாடி. ஒவ்வொரு தடவையும் வேலைய முடிச்ச ஆளு அவன்தான், அந்த சந்தோஷம் அவன் மூஞ்சில தெரியும்.

7. வெய்ட் பண்ணவே தெரியல. கொருக்குப்பேட்ட கேட் போட்டா ஆட்டோல இருந்து குதிக்கப் பாக்கறா, ரேஷன் கடை லைன்ல உருண்டு அழறா.

கேட் போட்ட எடத்துல காத்திருக்கறத சொல்லிக் குடுக்க முடியாது, அது பரீட்சை. பாடம் வீட்ல நடக்கணும். அவளுக்குப் புடிச்ச முறுக்க கைல வெச்சிட்டு "வெய்ட்"னு ஒரு சிவப்பு அட்டைய குடுங்க, ரெண்டே ரெண்டு செகண்டு, ஒடனே அட்டைய வாங்கிட்டு முறுக்கு. ரெண்டு செகண்டு சும்மா வந்தப்புறம் அஞ்சு, அப்புறம் பத்து. காத்திருந்தா கட்டாயம் கெடைக்கும்ங்கறத மொதல்ல உடம்பு நம்பணும்.

ஸ்டான்ஃபோர்டுல வால்டர் மிஷெல்னு ஒருத்தர் 1970 வாக்குல சின்னப் பசங்கள வெச்சு ஒரு சோதனை செஞ்சாரு, இப்ப காத்திருந்தா பெரிய மிட்டாய்ன்னு. மிட்டாய் கண்ணு முன்னாடி இருந்தா சீக்கிரம் தோத்துட்டாங்க, மறைச்சு வெச்சா நல்லாவே காத்திருந்தாங்க. வீட்டுக்கு இதுலேர்ந்து எடுத்துக்க வேண்டியது, காத்திருக்க வைக்கறப்ப அந்தப் பொருள முந்தானைல மறைங்க, கைக்கு வேற வேலை குடுங்க. ஆட்டோல போறதுக்குன்னே ஒரு பை வெச்சிருக்கேன், அதுல பாசிமணி கோத்த கயிறு, ஒரு ஸ்க்ரூ போல்ட்டு, கேட் போட்டா மட்டும்தான் அது வெளிய வரும். ரயில் வர்றப்ப பொட்டி எண்ணுங்க, காத்திருக்கறதுக்கு ஒரு முடிவு தெரியும்.

8. ஆடி மாசம் மைக் செட்டு, கூழ் ஊத்தறது, அப்புறம் மழைன்னு ஸ்கூல் லீவு. கஷ்டப்பட்டு கொண்டு வந்த பழக்கமெல்லாம் போயிடுதே?

போவாது, ஆனா ஆட்டம் காணும். 3வது பதில்ல சொன்னேனே, எல்லாம் மாறாம அப்டியே இருக்கணும்ங்கற பிடிவாதம், அது இந்த மாதிரி நேரத்துலதான் பிச்சிக்கும். மாத்தத்தையும் ஒரு பழக்கமா ஆக்கிடணும். ஒரு மஞ்சள் அட்ட, "மாத்தம்"னு. எல்லாம் நல்லா இருக்கிற நாள்ல வேணும்னே சின்னதா ஒண்ண மாத்துங்க, நீல டம்ளருக்கு பச்ச டம்ளரு, மஞ்சள் அட்டைய காட்டி, ஒடனே அவனுக்குப் புடிச்ச ஒண்ணு. மொதல்ல நல்ல மாத்தமா இருக்கட்டும், "இன்னிக்கு எழுத்து இல்ல, மாத்தம், பலூன்". மாத்தம்னாலே அழுகைன்னு இருந்தது கொஞ்சம் தளரும்.

மழைல ரோடெல்லாம் தண்ணி நின்னு லீவு விட்டா ஸ்கூல் படத்த அவன் கண்ணு முன்னாடி எடுத்து மஞ்சள் அட்டைய அந்த எடத்துல வைங்க, மத்த படம் அப்டியே இருக்கட்டும். ஒண்ணு மாறிச்சு, மிச்சம் மாறலன்னு கண்ணுக்குத் தெரியணும். மைக் செட்டு வேற கணக்கு, அது சத்தம், அவன் காதுக்கு அது நெஜமாவே வலிக்கும், அன்னிக்கு புதுசா எதையும் சொல்லித் தராதீங்க. திருவிழா அன்னிக்கு நான் பாடம் எதுவும் வெக்கறதில்ல, முடிஞ்சா அவன கூட்டிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.

9. இத வளக்கறதுக்கு என்ன கேம்ஸ், டாய்ஸ் வாங்கணும்?

வாங்க வேணாம். மூளைய வளக்கும்னு கம்ப்யூட்டர் கேம் நெறைய விக்கறாங்க, அதுல பழகினா அந்த கேம்ல நல்லா வருவாங்க, சட்ட மாட்டறதுக்கோ லைன்ல நிக்கறதுக்கோ அது பெருசா வந்து சேர்றதில்லன்னு திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. எது வேணுமோ அதையே பழக்கணும்.

நம்ம தெரு வெளையாட்டுலயே எல்லாம் இருக்கு. "காக்கா பறபற, குருவி பறபற, மாடு பறபற", மாட்டுக்குக் கைய தூக்காம நிறுத்தணும், சுத்தமான பிரேக்குப் பயிற்சி. ஸ்டாச்சுவும் அதேதான். கல்லா மண்ணா வெளையாட்டுல கல்லுன்னா மண்ணுல நிக்கணும், மண்ணுன்னா கல்லுல நிக்கணும், ரூல் மாறிட்டே இருக்கும், 2வது பதில்ல சொன்ன சீட்டு டெஸ்ட்டு மாதிரியே. ஆனா அது நம்ம பசங்களுக்குக் கடைசிப் படி. நண்டு ஊருது நரி ஊருதுலேர்ந்து ஆரம்பிங்க, கிச்சுகிச்சு வர்றதுக்கு முன்னாடி நிறுத்துங்க, உங்க மூஞ்சிய பாத்துக் காத்திருக்கும் பாருங்க, காத்திருக்கறதுல அதுதான் மொத பாடம். பல்லாங்குழி இருந்தா குழிக்கு ஒண்ணா சோழி போட வைங்க, ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. மூணு வயசு வளர்ச்சிக்கு மேல இருக்கிற புள்ளைக்கு மட்டும்தான், அதுவும் சோழிய வாயில போட மாட்டான்னு உறுதி பண்ணிட்டு.

10. போன்ல ஒரு மணி நேரம் அசையாம உக்காருறானே, அப்ப கவனம் இருக்குன்னுதானே அர்த்தம்?

போன் அவன புடிச்சு வெச்சிருக்கு, அவனா கவனத்த புடிச்சு வெச்சிருக்கல. அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ கலரும் சத்தமும் மாறினா மேஸ்திரிக்கு அங்க வேலையே கெடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், கொறஞ்சா இன்னும் நல்லது. சமைக்கறப்ப குடுக்காம முடியாதுன்னு எனக்குத் தெரியும், குத்தம் சொல்ல இத எழுதல. குடுத்தா எப்ப முடியும்னு 5வது பதில்ல சொன்ன மாதிரி காட்டிட்டு குடுங்க, படுக்கறதுக்கு முன்னாடி மட்டும் வேணவே வேணாம். மூணு நாலு வயசுக்கு பகல் தூக்கம் சேத்து 10லேர்ந்து 13 மணி நேரத் தூக்கம் வேணும், தூக்கம் கெட்ட மறுநாள் இருக்கிற கொஞ்ச பிரேக்கும் வேலை செய்யாது.

11. தெரபில எல்லாம் செய்றானாம், வீட்டுக்கு வந்தா ஒண்ணும் காணோம். மிஸ் பொய் சொல்றாங்களா?

இல்ல. அந்த மேஜை, அந்த மிஸ், அந்தப் பொருள் இருந்தாதான் அந்த வேலைன்னு அவன் மூளை முடிச்சு போட்டிருக்கு. என்ன வார்த்த சொல்றாங்க, எந்தப் படம் காட்றாங்கன்னு கேட்டு அதையே வீட்ல செய்யுங்க, அப்புறம் ஆள மாத்துங்க, அப்பா, பாட்டி, எடத்த மாத்துங்க. தெரபி வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், மிச்சம் பூரா வீடுதான்.

12. நான் காலைல ஏழு மணிக்கு வேலைக்குக் கெளம்பறவ, இதெல்லாம் எப்ப செய்றது?

தனியா நேரம் ஒதுக்கவே வேணாம். தெனமும் எப்டியும் நடக்கற ஒண்ண எடுங்க, சட்ட மாட்டறது இல்ல தட்டு எடுத்து வெக்கறது. ஒரே வேலை, மூணு மாசம். புள்ளைய யாரு பாத்துக்கறாங்களோ அவங்களுக்கு அந்த அட்டைய குடுத்து அதே ரெண்டு வார்த்தைய சொல்லச் சொல்லுங்க. வீட்ல நாலு பேரு நாலு விதமா சொல்றதுதான் புள்ளைக்கு ரொம்பக் கஷ்டம்.

13. ஐக்யூ 45ன்னு சொல்லிட்டாங்க. அப்ப இதெல்லாம் வளராதுதானே, எதுக்கு வீண் முயற்சி?

அந்த நம்பர் அன்னிக்கு அந்த ரூம்ல அந்த டெஸ்ட்டுக்கு வந்த நம்பர். பேசத் தெரியாத, உக்கார முடியாத அஞ்சு வயசுப் புள்ளைக்கு அந்த டெஸ்ட்ல மேஸ்திரி இல்லாததாலயே பாதி மார்க் போயிடும். அறிவுசார் குறைபாடுன்னு சொல்றதுக்கே ஐக்யூ மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கைல என்ன செய்யத் தெரியுதுன்னும் பாக்கணும், அதுக்குத்தான் சாப்புடறது, உடுத்தறது, வெளிய போறதுன்னு உங்ககிட்ட கேட்டு வைன்லேண்ட்னு ஒரு அளவுகோல்ல மார்க் போடறாங்க. ஐக்யூ நம்பர் பெருசா மாறாம இருக்கலாம். ஆனா தானா சாப்புடறது, பாத்ரூம் போறது, ரோட்ல கைய விடாம நடக்கறது, இது எல்லாம் வளரும், மெதுவா, வருஷக் கணக்குல. என் பையன் பாத்ரூம் பழக ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப பழகிட்டான்.

14. இதுக்கு மருந்து இருக்கா? டானிக் எழுதிக் குடுத்தாங்க, ஒருத்தர் ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்னாரு, லட்சக்கணக்குல கேக்கறாங்க.

எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன வளக்கற மருந்துன்னு ஒண்ணு இல்ல, டானிக்கும் இல்ல. ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைவும் அடங்காத துறுதுறுப்பும், கூட இருந்தா அதுக்கு மருந்து இருக்கு, ஆனா ஆறு வயசுக்குக் கீழ மொதல்ல பெத்தவங்களுக்கு நடத்தைப் பயிற்சி குடுத்துப் பாக்கணும்ங்கறதுதான் முறை. ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து ரொம்ப மூர்க்கமா இருக்கறதுக்கும் தன்னையே அடிச்சிக்கறதுக்கும் குடுக்கறது, அது புள்ளைய கொஞ்சம் அமைதியாக்கி கத்துக்கற நெலமைக்குக் கொண்டு வரலாம், வெயிட்டு ஏறும், டாக்டர் கண்காணிப்புலதான் இருக்கணும். வலிப்பு இருந்தா அந்த மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது.

ஸ்டெம் செல், அதாவது குருத்தணு சிகிச்சை, வேணாம். ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஆராய்ச்சிக்கு வெளிய இத சிகிச்சையா விக்கக் கூடாது, 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் ஆட்டிசத்துக்கு இது பரிந்துரைக்கறதில்லன்னு சொல்லிடுச்சு. நகைய அடகு வெச்சு இதுக்குப் போன ஒரு அம்மா என் பக்கத்துல உக்காந்து அழுதாங்க, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். அந்தப் பணம் ரெண்டு மூணு வருஷத் தெரபிக்கு வந்திருக்கும். பணம் இல்லன்னா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாட்டுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு, நமக்கு தூரம்தான், ஆனா ஒரு தடவ போய் முழுசா பாத்துட்டு வீட்ல செய்ய வேண்டியத எழுதி வாங்கிட்டு வரலாம். நேஷனல் டிரஸ்ட்டுன்னு மத்திய அரசு அமைப்பு ஒண்ணு இருக்கு, அதோட நிராமயா இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு 1 லட்சம் ரூபா வரைக்கும் உண்டு, அதுல ஒரு பங்கு தெரபிக்கும் எடுக்கலாம், ஆட்டிசத்துக்கும் ஐ.டி.க்கும் ரெண்டுக்குமே பொருந்தும்.

15. "உக்கார மாட்றான், வேற ஸ்கூல் பாருங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நாம என்ன கேக்க முடியும்?

எங்களையும் ஒரு ஸ்கூல்ல இதே வார்த்தைல அனுப்பினாங்க, அன்னிக்கு எனக்கு சட்டம் தெரியாது, பைய தூக்கிட்டு வந்துட்டேன். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 குறைபாட்டுல ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடுன்னு சான்று இருந்தா ஆறுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் பக்கத்து ஸ்கூல்லயோ இல்ல சிறப்புப் பள்ளியிலயோ, எது வேணுமோ அதுல இலவசமா படிக்க உரிமை இருக்கு. அதனால சான்றும் யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மொதல்ல வாங்கிடுங்க, முத்திரை குத்திடுவாங்கன்னு தள்ளிப் போடாதீங்க. ஆறு வயசுக்குள்ளன்னா அங்கன்வாடில சேருங்க, நாலு புள்ளைங்களோட இருக்கட்டும். அரசுப் பள்ளிங்களுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல சிறப்பாசிரியர் வருவாங்க, ஹெச்.எம்.கிட்ட எப்ப வர்றாங்கன்னு கேளுங்க.

சட்டத்த பேசறதோட மிஸ்ஸுக்கு வேலைய சுலபமாக்கிக் குடுங்க, அறுபது புள்ளைய வெச்சிருக்கறவங்க அவங்க. அரை தாள்ல எழுதிக் குடுங்க: வாசல்லேர்ந்து தள்ளி, செவுத்தோரம் முன்வரிசை, ஒரு நேரத்துல ஒரு வேலை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ டஸ்டர் எடுத்துட்டு வரச் சொல்லி எழுப்புங்க, மேஜைல இந்த "மொதல்ல - அப்புறம்" அட்ட. ஏழு நிமிஷம் உக்காருற புள்ளைய நாப்பது நிமிஷம் உக்காரல்லன்னு சொல்றத விட ஏழ எட்டாக்கலாம்னு கேட்டா நல்ல மிஸ்ஸுங்க கேப்பாங்க.

16. எல்லாத்துக்கும் படம் காட்டிக் காட்டியே பழக்கினா நாளைக்கு படம் இல்லாம ஒண்ணுமே செய்ய மாட்டானேக்கா?

இத கேக்காத ஆளே இல்ல, நியாயமான பயமும்கூட. ரஷ்யால வைகோட்ஸ்கின்னு ஒருத்தர் 1930கள்ல எழுதினது, புள்ளைங்க மொதல்ல மத்தவங்க சொல்லி செய்யும், அப்புறம் தானே வாய்விட்டு சொல்லிட்டே செய்யும், அப்புறம் அந்தப் பேச்சு மனசுக்குள்ள போயிடும். வெளிய இருக்கறதுதான் மெல்ல உள்ள போவுது. நம்ம பசங்களுக்கு அந்த வழி நீளம், சில வேலைல முழுசா உள்ள போவும், சிலதுல போவாது.

நிஜமா பயப்பட வேண்டியது படத்துக்கில்ல, நமக்கு. ஒவ்வொரு படிக்கும் "ம், அடுத்து"ன்னு நாம வாயால தள்ளிட்டே இருந்தா அவன் நம்ம மூஞ்சிய பாத்து நிப்பான், நாம இல்லன்னா நின்னுடுவான். அதனால கொறைக்கறப்ப மொதல்ல வாய நிறுத்துங்க, பேசாம படத்த விரலால காட்டுங்க, அப்புறம் விரலையும் நிறுத்துங்க, பின்னாடி தள்ளி நில்லுங்க. படத்த கடைசியா எடுக்கலாம், ஒண்ணொண்ணா, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, தடுமாறினா திரும்ப ஒட்டிடுங்க. எடுக்கவே முடியாத படம் இருந்தா இருக்கட்டும், நாமளும் மளிகைக்கு லிஸ்ட் எழுதிட்டுதானே போறோம்.

6வது பதில்ல சொன்ன கை கழுவற அட்டைல இப்ப ரெண்டு படம்தான் இருக்கு, சோப்பும் குழாய மூடறதும். குழாய் படத்த ரெண்டு தடவ எடுத்துப் பாத்தேன், ரெண்டு தடவையும் தண்ணி ஓடிட்டே இருந்துச்சு, திரும்ப ஒட்டிட்டேன். சோப்பு படத்த அடுத்த மாசம் எடுத்துப் பாக்கணும்.